காலண்டர் அட்டையில் தொங்கும் கிளிப்புகள்

டிசம்பர் 31 ராத்திரி கடைசித் தாளையும் கிழித்துவிட்டால் தினசரி காலண்டரில் மிஞ்சுவது ஒரு கெட்டி அட்டை, ஆணியில் மாட்ட ஒரு வளையம், அட்டை முழுக்க ஒரு சாமி படம். எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஏழெட்டு அட்டையாவது சேரும். மளிகைக் கடை ஒன்று, நகைக் கடை ஒன்று, மருந்துக் கடை ஒன்று என்று ஆளாளுக்குக் கொடுப்பார்கள். போதாததற்கு என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் வேலை பார்க்கிறார். ஊருக்கெல்லாம் மார்கழியில்தான் காலண்டர் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் ஆடியிலேயே வந்துவிடும். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கப்புறம் வருடக் கடைசி வரை அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று சொல்ல முடியாது.

அவர் கைபட்டு வருகிற பொருள் என்பதாலோ என்னவோ, அந்த அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட எனக்கு மனசு வந்ததே இல்லை. கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தேன். என் இரண்டு மகள்களின் கிளிப்பும் ரிப்பனும் இன்று ஒழுங்காகத் தொங்குவது அந்த அட்டைகளில்தான்.

இதற்கு முன் எல்லாம் ஒரே டப்பாவில் கிடந்தது. தீபாவளிக்கு வந்த பெரிய இனிப்பு டின். டிக்டாக் கிளிப், கேட்ச் கிளிப், ஹேர் பேண்ட், ரப்பர் பேண்ட், ஸ்லைடு, கொண்டை ஊசி, ரிப்பன், பெரியவளின் பரத நாட்டியச் சாமான்கள் எல்லாம் அதற்குள்தான். காலை ஏழே முக்காலுக்கு வேன் வந்துவிடும். திங்கட்கிழமை வெள்ளை ரிப்பன், மற்ற நாள் சிவப்பு. இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்ட வேண்டும். ஒரு சடைக்கு ரிப்பன் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கிடைக்காது. டின்னைக் கவிழ்த்தால் ரிப்பனோடு நாலு கிளிப் சிக்கிக்கொண்டு வரும். சின்னவள் பாதித் தலை பின்னிய நிலையில் நின்றுகொண்டு அழுவாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

ஆனால் நான் உட்கார்ந்து இதைச் சரிசெய்ததற்குக் காரணம் பேன். சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாள். ஒரே வாரத்தில் அக்காவுக்கும் ஏறிவிட்டது. பேன் வந்தால் பிள்ளையைத் திட்டுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பாவம். சுத்தமான தலையிலும் பேன் ஏறும். தலையோடு தலை வைத்து விளையாடுகிற வயசில் வரத்தான் செய்யும். பெரும்பாலும் தலையிலிருந்து தலைக்கு நேராகத்தான் பரவும் என்றாலும் ஒரே சீப்பு, ஒரே பேண்ட் என்று மாற்றி மாற்றிப் போட்டால் அதுவும் ஒரு வழி. தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. அதனால் சீப்பு, கிளிப் எல்லாவற்றையும் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்துக் காயவைத்தேன். அப்போதே தீர்மானித்துவிட்டேன், இனி இருவருக்கும் ஒரே டப்பா கிடையாது.

காய்ந்ததையெல்லாம் பழைய போர்வையில் கொட்டிப் பிரித்தபோதுதான் எவ்வளவு வீணாக்கியிருக்கிறோம் என்று தெரிந்தது. டிக்டாக் கிளிப் 43 இருந்தது. அதில் 19 துருப்பிடித்தவை. டிக், டக் என்று மடிகிற இடத்தில் பெயின்ட் முதலில் உரியும், அங்கேதான் துரு ஏறும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்த ஈரத்திலேயே கிளிப்பைக் குத்தி, சாயங்காலம் கழற்றி, அப்படியே டின்னுக்குள் போட்டு மூடினால் வேறென்ன ஆகும்? ரப்பர் பேண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசு என்று உருண்டையாகிவிட்டன. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. தலையில் தடவுகிற தேங்காய் எண்ணெயைக் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி இழுவை விட்டுப்போகும். வெயில் காலத்தில் இன்னும் மோசம். விருதுநகர் வெயிலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

சரி, அட்டைக்கு வருகிறேன்.

முதல் கேள்வி சாமி படம். அட்டையில் மகாலட்சுமி. கத்தரிக்கோலும் கையுமாக நான் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அத்தை பக்கத்தில் வந்தார். "ஏம்மா, மகாலட்சுமி மேலயா கிளிப்பக் குத்தப் போற?" என்று கேட்டார். பின்பக்கம் திருப்பிச் செய்யப்போகிறேன் என்றேன். "சாமி முகத்தச் சுவத்துப் பக்கம் திருப்புறதும் நல்லா இல்லம்மா" என்றார். அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. ஈரத் துணியை நனைத்துப் பிழிந்து படத்தின் மேல் விரித்தேன். கால் மணி நேரம் கழித்து ஒரு மூலையை நகத்தால் தூக்கி, பிளாஸ்டிக் ஸ்கேலை உள்ளே விட்டு மெதுவாக நகர்த்தினேன். ஒரு இடத்திலும் கிழியாமல் வந்துவிட்டது. காயவைத்து, பூஜை அலமாரிக் கதவின் உள்பக்கம் அத்தையே ஒட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. படத்தின் மேல் மெழுகுத்தாள் மாதிரிப் பளபளவென்று பூச்சு இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. அந்த மாதிரி அட்டையை விட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்ளுங்கள். தேதிக் கட்டைப் பிடித்திருந்த பின்களை இடுக்கியால் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் கையைக் கிழிக்கும்.

அட்டையின் மேல் போர்த்த என் பழைய சுங்குடிச் சேலை. மதுரையில் வாங்கியது. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி. முந்தானை நன்றாக இருந்தது, நடுவில்தான் நைந்துவிட்டது. அட்டையை விட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, பின்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும். இங்கேதான் ஒரு தவறு செய்தேன். பசைக்குச் செலவழிப்பானேன் என்று மைதாவைக் காய்ச்சி ஒட்டினேன். ஒட்டியதென்னவோ நன்றாகத்தான் ஒட்டியது. மூன்றே வாரத்தில் ஓரமெல்லாம் அரித்து, துணி தூக்கிக்கொண்டு நின்றது. ராத்திரி லைட்டைப் போட்டால் அட்டைக்குப் பின்னாலிருந்து கரப்பான்பூச்சி ஓடியது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வெறும் மைதான்னா அதுக்குச் சாப்பாடு மாதிரி. பைண்டிங் பசையில பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவாங்க" என்றார். மயில்துத்தம் விஷம். பிள்ளைகள் தினமும் தொடுகிற பொருளில் அதைக் கலக்க நான் தயாராக இல்லை. இரண்டாவது அட்டைக்கு ஃபெவிகால்தான் வாங்கினேன். தண்ணீர் கலக்காமல், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவினால் போதும். தடவியதும் அகராதி, அட்லஸ் எல்லாவற்றையும் மேலே ஏற்றி ஒரு நாள் அப்படியே விட்டேன். பாரம் வைக்காமல் விட்டால் அட்டை காயும்போது வளைந்துவிடும்.

இப்போது கிளிப்பை எதில் குத்துவது? இதற்கு வீட்டிலேயே ஒரு பொருள் இருந்தது, பாவாடை நாடா. பழசாகிக் கிழிந்த பாவாடைகளிலிருந்து உருவி வைத்த பருத்தி நாடா. டிக்டாக் கிளிப்பின் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் அது அளவாக உட்காரும். சாட்டின் ரிப்பன் என்றால் வழுக்கும், நாடா வழுக்காது. முதலில் மேலிருந்து கீழாக ஐந்து நாடா தொங்கவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. நாலு நாளில் கிளிப்பெல்லாம் கீழே இறங்கிக் கொத்தாக நின்றது. பிரித்துவிட்டுக் குறுக்காகக் கட்டினேன். குறுக்காகக் கட்டினால் நடுவில் தொய்ந்தது. அப்புறம் கோணி ஊசியால் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல், அட்டையோடு சேர்த்து. அட்டையில் ஊசி இறங்காது. சின்ன ஆணியால் முதலில் துளை போட்டுக்கொள்ள வேண்டும். அடியில் பழைய செருப்பு வைத்துத் தட்டினால் தரையும் கெடாது, துளையும் சுத்தமாக விழும். தையலுக்கும் தையலுக்கும் நடுவில் நாடா கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும், விரல் நுனி நுழைகிற அளவுக்கு. அந்தத் தளர்வில்தான் கிளிப் ஏறும். இப்படி ஒரு அட்டையில் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு இடம். ஒரு இடத்துக்கு ஒரு ஜோடி.

அட்டையின் அடி ஓரத்தில் நாலு வளையம் தைத்தேன். பழைய திரைச்சீலையிலிருந்து எடுத்தவை. ரப்பர் பேண்டுக்கும் துணி சுற்றிய ஸ்கிரன்சிக்கும் அது. சீப்பு தொங்க இன்னொன்று. இதே மாதிரி மூத்தவளுக்கும் ஒன்று செய்தேன். அவளுக்குச் சுங்குடி வேண்டாமாம், அப்பாவின் பழைய ஜீன்ஸ் வேண்டுமாம். கனமான துணி, ஊசி இரண்டு உடைந்தது. ஆனால் ஜீன்ஸின் பின்பாக்கெட்டை அப்படியே அட்டையில் வைத்துத் தைத்ததில் அவளுடைய கேட்ச் கிளிப்புகளுக்கு ஒரு இடம் தானாகக் கிடைத்தது. கேட்ச் கிளிப் பல்லெல்லாம் நீட்டிக்கொண்டு இருப்பதால் நாடாவில் நிற்காது. அதற்குப் பைதான் சரி.

ஹேர் பேண்டுக்குப் பெரிய யோசனை எதுவும் தேவைப்படவில்லை. காலியான ஹார்லிக்ஸ் டப்பா மேல் வரிசையாக மாட்டிவிட்டால் போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பேண்ட் டப்பாவில் சும்மா உட்கார வேண்டும், விரிந்து பிடிக்கக் கூடாது. பெரிய ஓட்ஸ் டப்பாவில் ஒரு மாதம் மாட்டி வைத்த இரண்டு பேண்ட் அகன்றுபோய், அதற்கப்புறம் தலையில் நிற்கவே இல்லை. டப்பாவுக்குள்ளே துருப்பிடிக்கக்கூடிய சாமான்களைப் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, சின்னச் சின்ன மணிகள் கொண்ட வெள்ளைப் பொட்டலம், சிலிக்கா ஜெல், அதில் இரண்டைப் போட்டு மூடியிருக்கிறேன். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் கையில் படாமல் மூடி இறுக்கமாக இருக்கட்டும். ரப்பர் பேண்டுகளை வாரத்துக்கு ஒரு தடவை ஷாம்பு தண்ணீரில் அலசி, காயவைத்து, ஒரு சிட்டிகை முகப் பவுடர் தூவிக் குலுக்கி வைக்கிறேன். ஒட்டுவதே இல்லை.

கொண்டை ஊசிக்கும் ஸ்லைடுக்கும் கிடைத்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் கிழிந்துவிட்டது என்று மெக்கானிக் வந்து மாற்றினார். பழைய ரப்பரை வாசலில் போட்டிருந்தார்கள். கேட்டு வாங்கி வந்தேன். அந்த ரப்பர் குழலைப் பிளேடால் நீளவாக்கில் கீறினால் உள்ளே கறுப்பாக, தட்டையாக, வளைகிற மாதிரி ஒரு பட்டை இருக்கும். அதுதான் காந்தம். கதவு தானாகப் போய் ஒட்டிக்கொள்வது அதனால்தான். நாலு பக்கத்துக்கும் சேர்த்து மூன்று மீட்டருக்கு மேலேயே கிடைத்தது. உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஊசியை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, இன்னொரு பக்கம் பிடிப்பு மிகக் குறைவு. ஒட்டுவதற்கு முன்னால் இதைச் சோதித்துக்கொள்ளுங்கள். பிடிக்காத பக்கத்தில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, கண்ணாடிக்குப் பக்கத்தில் மரச் சட்டத்தில் வரிசையாக மூன்று பட்டை ஒட்டினேன். ஸ்லைடை அருகில் கொண்டுபோனால் டக்கென்று போய் ஒட்டிக்கொள்ளும். பின்னும்போது ஒரு கையில் சடையைப் பிடித்துக்கொண்டே மறு கையால் ஊசியை எடுக்க முடிகிறது. தரையில் விழுந்து காலில் குத்திய ஊசிகள் எத்தனை! அத்தைக்குக் கண் கொஞ்சம் மங்கல். அவர் காலுக்குக் கீழே ஊசி கிடக்கிறதா என்று நான் பயந்துகொண்டே பெருக்கிய நாள்கள் உண்டு. இப்போது அந்தப் பயம் இல்லை.

ரிப்பனுக்குச் செலோ டேப் தீர்ந்த உருளைகள். நீளத்தைச் சுற்றி, நுனியில் ஒரு ஸ்லைடு குத்திவிட்டால் சுருக்கம் விழாது. நுனி பிரிந்து நூல் நூலாக வந்தால் எரிகிற ஊதுபத்தியின் நெருப்பு நுனியை அந்த ஓரத்தில் லேசாக ஒரு தடவை ஓட்டுங்கள். பாலியஸ்டர் ரிப்பன் உருகி இறுகிக்கொள்ளும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

பெரியவளின் நாட்டியச் சாமான்தான் இன்னும் மிச்சம். சவுரி, குஞ்சலம், ராக்கொடி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, நெற்றிச்சுட்டி, கொண்டை வலை, துணிப் பூச்சரம் எல்லாம் அதில் சேரும். மேடை ஏறுகிற நாளில் இதில் ஒன்று காணவில்லை என்றாலும் கை நடுங்கிவிடும். போன வருடக் கோயில் கச்சேரிக்கு முன்னால் சந்திரப்பிறையைத் தேடி முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் சலங்கைப் பையின் அடியில் கிடந்தது, ஒரு கல் உதிர்ந்து. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, மை கலையக் கூடாதென்று அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதற்கு உதவியது கல்யாணத் தாம்பூலப் பைகள். தேங்காய், வெற்றிலை, பாக்கு வைத்துக் கொடுக்கிற துணிப் பை எந்த வீட்டில் இல்லை? எங்கள் பரணில் 22 இருந்தது. மஞ்சள் பைதான் அதிகம். ஒரு பழைய பருத்தித் துண்டை நீளவாக்கில் விரித்து, பைகளின் காதை வெட்டிவிட்டு, வாயை மேலே பார்த்து வைத்து மூன்று மூன்றாக நாலு வரிசை தைத்தேன். துண்டின் மேல் ஓரத்தை மடித்து, அதற்குள் துணி மாட்டுகிற ஹேங்கரின் கம்பியை நுழைத்துவிட்டால் பீரோவுக்குள் சட்டை மாதிரி தொங்கும். பைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சாமான். ஒவ்வொரு பையிலும் என்ன இருக்க வேண்டும் என்று பெரியவளே மார்க்கரில் எழுதினாள். நிகழ்ச்சி முடிந்து வரும்போது எந்தப் பை காலியாக இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பைகளில் மணமக்கள் பெயரை அப்படியே விட்டுவிட்டேன். என் சித்தப்பா மகள் கல்யாணப் பையில் ராக்கொடி இருக்கிறது. அவள் இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள், படம் எடுத்து அனுப்பினேன். நீண்ட நேரம் கழித்து, "என் கல்யாணப் பையையா வச்சிருக்க?" என்று மட்டும் பதில் வந்தது.

கல் வைத்த நகைகளைத் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வைக்க வேண்டும். நாகர்கோவில் பக்கம் வடசேரியில் செய்கிற கோயில் நகை வகையில் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும். வெயிலில் வைத்தாலோ தண்ணீர் பட்டாலோ கல் தளரும். வியர்வையை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் பைக்குள் போட வேண்டும். சவுரியை மட்டும் எங்கேயும் மடிக்கக் கூடாது. சீவி, தளரப் பின்னி, நீளமான பழைய தலையணை உறையில் தொங்கவிட்டிருக்கிறேன்.

சரிப்படாதவையும் உண்டு. முட்டை அட்டையில் ஒரு குழிக்கு ஒரு கிளிப் என்று வைத்துப் பார்த்தேன். தூசி சேர்ந்தது, துடைக்க வழியில்லை. கொட்டாங்குச்சியைச் சீவி வழவழப்பாக்கிய கிண்ணம் அழகாக இருந்தது, ஆனால் அதற்குள் மறுபடியும் எல்லாம் கலந்தே கிடந்தன. அதில் இப்போது பொட்டு அட்டைகள் இருக்கின்றன.

முதலில் அட்டையை என் கண் உயரத்துக்கு மாட்டினேன். சின்னவள் கிளிப்பைக் கழற்றிக் கட்டிலில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். எத்தனை தடவை சொல்லியும் மாறவில்லை. ஒருநாள் அத்தை, "அவளுக்கு எட்டலையேம்மா, பாவம்" என்றார். ஆணியை இரண்டரை அடி உயரத்துக்கு இறக்கினேன். அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல், ரிப்பனை அவிழ்த்துச் சுற்றி வைத்துவிட்டு, கிளிப்பை ஒவ்வொன்றாக நாடாவில் குத்தினாள். டிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பார்த்தாள். மஞ்சளுக்கு ஒரு வரிசை, நீலத்துக்கு ஒரு வரிசை என்று அவளே பிரித்துக்கொண்டாள்.

இந்த வருட மளிகைக் கடைக் காலண்டரில் குழந்தைக் கண்ணன் படம். அதன் பின்பக்கம் பென்சிலால் இப்போதே ஆறு கோடு போட்டு வைத்திருக்கிறாள். மூன்றாம் வீட்டுக்குக் குடிவந்திருக்கிற பாப்பாவுக்காம். அந்தப் பாப்பாவுக்கு இன்னும் முடியே சரியாக வளரவில்லை. டிசம்பர் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். தினமும் காலையில் தாளைக் கிழிக்கிற வேலையை யாரிடமும் அவள் விடுவதில்லை.